ஒரு நாவலும் அதன் உரைகாரர்களும்

1933-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி, நியூயார்க் நகரத்தின் கூட்டாட்சி நீதிமன்றமொன்றில் ஜான் உல்ஸி என்னும் நீதிபதி, குற்றவாளிக் கூண்டில் மனிதர் எவரும் நில்லாமல் ஒரு புத்தகமே பிரதிவாதியாக நின்ற விசித்திரமான வழக்கொன்றில் தீர்ப்பு வழங்கினார். ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய ‘யுலிஸிஸ்’ என்ற அந்த நாவல் ஆபாசமானதா, அமெரிக்காவுக்குள் அதை அநுமதிக்கலாமா என்பதே அவர் முன் இருந்த கேள்வி. ஆபாசமன்று, அநுமதிக்கலாம் என்பதே அவருடைய முடிவு. அம்முடிவைச் சொல்லிவிட்டு அவர் எழுந்து போயிருந்தால் சட்டப் புத்தகங்களில் மட்டும் அவர் பெயர் நின்றிருக்கும். இந்த நூல் படிப்பதற்கோ புரிந்துகொள்வதற்கோ எளியதன்று என்றும், இதை முறையாக அணுக வேண்டுமானால் இதைச் சுற்றி உபகிரகங்களாகத் தோன்றிவிட்ட வேறு பல நூல்களையும் சேர்த்துப் படிப்பது உசிதம் என்றும் தம் தீர்ப்பிலேயே அவர் எழுதி வைத்தார். வெளிவந்து பன்னிரண்டு ஆண்டுகூட நிறையாத ஒரு நாவலை உரையின் துணையோடுதான் படிக்க வேண்டும் என்று ஒரு நீதிமன்றமே சொல்லிவிட்ட சம்பவம் உலக இலக்கிய சரித்திரத்தில் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வழக்கில் சாட்சியாக வைக்கப்பட்ட பிரதியின் கதையும் சுவையானது. பிரசுரகர்த்தர்களான ராண்டம் ஹவுஸ் நிறுவனத்தார் பாரிஸிலிருந்து வேண்டுமென்றே ஒரு பிரதியை வரவழைத்துச் சுங்க அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்யும்படி பார்த்துக்கொண்டார்கள். விமர்சகர்களின் அபிப்பிராயங்களைத் தனியே கொண்டுவந்தால் நீதிமன்றம் ஏற்குமோ ஏற்காதோ என்ற ஐயத்தினால், அவற்றை அச்சிட்ட தாள்களை முன்கூட்டியே அந்தப் பிரதிக்குள் ஒட்டச் செய்திருந்தார்கள். நூலோடு ஒட்டியிருப்பது நூலின் அங்கமே அல்லவா! ஆக, அந்தப் பிரதி கடல் கடந்தபோது மூலமாக மட்டும் கடக்கவில்லை. மூலமும் உரையுமாகவே கடந்தது.

1904-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி, டப்ளின் நகரில் காலை எட்டு மணி தொடங்கி மறுநாள் விடியற்காலம் வரையில் நடக்கும் சாதாரணமான காரியங்களே அந்த நாவலின் கதை. பத்திரிகைக்கு விளம்பரம் சேகரிக்கும் லியோபோல்ட் புளூம் என்பவர் காலை உணவு சமைக்கிறார், ஒரு சவ அடக்கத்துக்குப் போகிறார், தெருத்தெருவாக அலைகிறார், தம் மனைவிக்கும் வேறொருவனுக்கும் உள்ள உறவை அறிந்தும் அறியாதவராக நடந்துகொள்கிறார், இரவில் ஸ்டீபன் டெடாலஸ் என்னும் இளைஞனைச் சந்தித்து வீட்டுக்கு அழைத்து வருகிறார். இவ்வளவுதான் கதை. இதைப் பதினெட்டு அத்தியாயங்களாக, அத்தியாயத்துக்கு அத்தியாயம் நடையை மாற்றி, ட்ரியெஸ்ட், ஜூரிக், பாரிஸ் என்று ஊர் ஊராகக் குடிபெயர்ந்துகொண்டே 1914 முதல் 1921 வரை ஜாய்ஸ் எழுதினார். பாரிஸில் ‘ஷேக்ஸ்பியர் அண்டு கம்பெனி’ என்ற சிறிய புத்தகக் கடையை நடத்திவந்த ஸில்வியா பீச் அம்மையார், ஆசிரியரின் நாற்பதாவது பிறந்த நாளாகிய 1922 பிப்ரவரி 2-ஆம் தேதி அதை வெளியிட்டார். டிழான் நகரத்து அச்சுக்கூடத்தில் 1000 பிரதிகள் அச்சாயின. ஆங்கிலம் அறியாத அச்சுக்கோப்பவர்கள் கோத்ததால் பிழைகளும் ஏராளமாக அச்சாயின.

நாவலின் பெயர் கிரேக்க வீரன் ஒடிஸியஸின் லத்தீன் வழிப் பெயர். ஆனால் உள்ளே புரட்டினால் ஹோமரும் இல்லை, கிரேக்கமும் இல்லை. அத்தியாயங்களுக்குத் தலைப்புக்கூடக் கிடையாது. இங்கேதான் ஜாய்ஸின் விநோதமான நடத்தை தொடங்குகிறது. எழுதுகின்ற காலத்தில் அவர் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ‘டெலிமகஸ்’, ‘கலிப்ஸோ’, ‘ஹேடஸ்’ என்று ஒடிஸ்ஸியிலிருந்து எடுத்த பெயர்களை வைத்தே நண்பர்களுக்குக் கடிதம் எழுதிவந்தார். நூல் அச்சானபோது அந்தப் பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டார். நீக்கியதோடு சும்மா இருந்தாரா என்றால், அதுவும் இல்லை. நூல் முடிவதற்கு முன்பே, 1920 செப்டம்பரில், கார்லோ லினாட்டி என்ற இத்தாலிய விமர்சகருக்கு ஒரு பெரிய அட்டவணையைத் தயாரித்து அனுப்பியிருந்தார். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் உரிய நேரம் எது, உடலுறுப்பு எது, கலை எது, வர்ணம் எது, ஹோமரின் பாத்திரங்களுக்கு இணையான டப்ளின்வாசிகள் யார் யார் என்று கட்டம் கட்டமாகப் போட்ட அட்டவணை அது. மறு ஆண்டில் அதைச் சற்றே மாற்றி, பிரெஞ்சு எழுத்தாளரான வலேரி லார்போவின் கையில் இன்னொரு படியைக் கொடுத்தார். அதை ஆதாரமாகக் கொண்டு லார்போ 1921 டிசம்பர் 7-ஆம் தேதி அட்ரியென் மொன்னியேயின் புத்தகக் கடையில் ஒரு பிரசங்கம் செய்தார். நூல் பிரசுரமானதோ அதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து! மூலம் பிறக்கும் முன்னே உரை பிறந்துவிட்டது.

வள்ளுவருக்கும் பரிமேலழகருக்கும் இடையே கிடக்கும் நூற்றாண்டுகளை எண்ணிப் பார்த்துப் பழகிய நமக்கு இது திகைப்பாகவே இருக்கும். நம் உரையாசிரியர்கள், கேட்டுத் தெளிந்துகொள்ள மூல ஆசிரியர் இல்லாத நிலையில், பாட்டையும் தம் புலமையையும் மட்டுமே நம்பி உரை கண்டவர்கள். இங்கேயோ மூல ஆசிரியரே திரைக்குப் பின்னால் நின்று, யாரிடம் எவ்வளவு சொல்லலாம் என்று அளந்து அளந்து ரகசியத்தை விநியோகித்துக்கொண்டிருந்தார். லார்போவின் பிரசங்கத்துக்காக நாவலின் கடைசிப் பகுதியிலிருந்து சில பக்கங்களை மொழிபெயர்த்த ழாக் பெனுவா-மெஷேன் என்னும் இளைஞர் அந்த அட்டவணை முழுவதையும் தரும்படி கேட்டபோது, எல்லாவற்றையும் உடனே கொடுத்துவிட்டால் என் அமரத்துவம் போய்விடுமே என்ற பாவனையில் ஜாய்ஸ் மறுத்தாராம்; பேராசிரியர்கள் பல நூற்றாண்டுகள் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருக்கும்படி அவ்வளவு புதிர்களை உள்ளே வைத்திருப்பதாகவும் சொன்னாராம். விளையாட்டாகச் சொன்னது என்று பலர் இதைத் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ள என் மனம் ஒப்பவில்லை.

ஆனால் அவருடைய அத்தைக்கு அவர் கூறிய யோசனை வேறு தினுசானது. டப்ளினிலேயே இருந்துவந்த ஜோஸஃபின் மர்ரி அம்மையாருக்கு, நாவலைப் படிக்க விரும்பினால் முதலில் ஒடிஸ்ஸியின் வசன மொழிபெயர்ப்பு ஒன்றை வாங்கிப் படிக்கும்படியும், அல்லது சிறுவர்களுக்காகச் சார்லஸ் லாம் சுருக்கி எழுதிய கதையையேனும் படித்துவிட்டுப் பிறகு தம் நூலைக் கையில் எடுக்கும்படியும் அவர் எழுதினார். லாம் எழுதிய அந்தச் சிறு நூல் ஜாய்ஸ் பள்ளிப் பருவத்தில் பாடமாகப் படித்தது; ஒடிஸியஸை அவர் தம் அபிமான வீரனாகக் கொண்டதும் அப்போதுதான். ஆக, ‘யுலிஸிஸ்’ நூலுக்கு ஆசிரியரே பரிந்துரைத்த முதல் துணைநூல் ஒரு பள்ளிக்கூடப் பாடப் புத்தகம். பண்டிதர்களுக்கு ஓர் அட்டவணை, அத்தைக்கு ஒரு கதைப் புத்தகம் என்று வகுத்துக் கொடுத்த அந்தப் பாகுபாட்டில் அத்தைக்குக் கிடைத்ததே மேலானது என்பது என் அபிப்பிராயம்.

அந்த அட்டவணை உலகத்துக்குத் தெரியவந்தது ஸ்டூவர்ட் கில்பர்ட்டின் வாயிலாக. அப்போது இந்தியாவோடு சேர்ந்திருந்த பர்மாவில் பல ஆண்டுகள் நீதிபதியாக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஆங்கிலேயர் இவர். 1927-இல் பாரிஸுக்குக் குடிவந்து, ‘யுலிஸிஸ்’ பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் சில பக்கங்களைப் பார்க்க நேர்ந்து, அவற்றில் உள்ள பிழைகளைத் துணிந்து எடுத்துக்காட்டியதன் பயனாக ஜாய்ஸின் அந்தரங்க வட்டத்துக்குள் இடம் பெற்றார். மொழிபெயர்ப்புக்காக வரிவரியாக விளக்கம் கேட்டுக்கொண்டே போனவர், 1930-இல் ‘ஜேம்ஸ் ஜாய்ஸின் யுலிஸிஸ்: ஓர் ஆராய்ச்சி’ என்ற நூலை வெளியிட்டார். ஜாய்ஸ் எதையும் நேராகச் சொல்லமாட்டார் என்றும், பேச்சினிடையே ஒடிஸ்ஸியின் பூகோளத்தைப் பற்றி விக்டர் பெரார் எழுதியதைப் படித்ததுண்டா என்று வேறு எதையோ கேட்பவர்போல் கேட்டுவைப்பார் என்றும், அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடவேண்டியது தம் பொறுப்பாயிற்று என்றும் கில்பர்ட் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். நல்ல குருவின் இலக்கணம் இது என்று சொல்பவர் சொல்லட்டும். தம் நூலுக்கு எப்படிப்பட்ட உரை அமைய வேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்க விரும்பியவரின் சாமர்த்தியம் என்று நான் சொல்வேன்.

கில்பர்ட்டின் நூல் வெளிவந்த காலத்தில் மூலம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தடை செய்யப்பட்டிருந்தது. ஆகவே அவர் வேண்டுமென்றே நீண்ட நீண்ட மேற்கோள்களைச் சேர்த்தார். மூலத்தைக் காண வழியில்லாதவர்கள் உரையில் பொதிந்திருந்த அந்தப் பகுதிகளைப் படித்தே நாவலை ஒருவாறு அறிந்துகொண்டார்கள். அக்காலத்து நிர்ப்பந்தத்தினால் நேர்ந்த இந்த வழக்கம், பிற்காலத்தில் நிர்ப்பந்தம் எதுவும் இல்லாமலே பரவியது. கனடாவில் கோல் சகோதரர்களின் பெயரால் வழங்கிய ‘கோல்ஸ் நோட்ஸ்’ குறிப்பேடுகளைத் தழுவி, 1958-இல் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் கிளிஃப்டன் ஹில்லகாஸ் என்ற புத்தக வியாபாரி ஷேக்ஸ்பியரின் 16 நாடகங்களுக்கு வெளியிட்ட ‘கிளிஃப்ஸ் நோட்ஸ்’, மஞ்சளும் கறுப்புமான அட்டையுடன் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் கைகளையெல்லாம் சென்று சேர்ந்தது. நாளடைவில் ‘யுலிஸிஸ்’ நூலுக்கும் ஒன்று வந்தது. நம்மூரில் கோனார் நோட்ஸை அறிந்தவர்களுக்கு அதன் கதியை விவரிக்க வேண்டியதில்லை.

கில்பர்ட்டின் நூலில் நமக்குச் சற்று அருகாமையான பகுதி ஒன்று உண்டு. பிரம்மஞான சங்கம் சென்னை அடையாற்றைத் தலைமை ஸ்தானமாக்கிக்கொண்ட சில ஆண்டுகளுக்குள் டப்ளினிலும் அதன் கிளை ஒன்று ஏற்பட்டது. அயர்லாந்துக் கவிஞர்கள் சிலர் அதில் ஈடுபாடு கொண்டிருந்தார்கள். அவர்களைப் பரிகாசம் செய்யும் ஜாய்ஸ், கர்மம், ஆகாசம், மகாத்மா என்னும் சொற்களை நாவலில் இறைத்திருக்கிறார். மறுபிறப்புக் கொள்கைக்கென்றே கில்பர்ட் ஓர் அத்தியாயத்தை ஒதுக்கி, பிரம்மஞானிகளின் நூல்களிலிருந்து எடுத்து எடுத்து விளக்குகிறார். ஆங்கில வாசகருக்கு அத்தனை பிரயாசையோடு விளக்க வேண்டியிருந்த அந்த இடங்களைத் தமிழ் வாசகர் ஒருவர் குறிப்பு எதையும் பாராமலே கடந்துவிடலாம். ஆனால் அடுத்த பக்கத்திலேயே கத்தோலிக்கப் பூசையின் லத்தீன் சொற்றொடர் ஒன்று வந்து அவரைத் தடுத்து நிறுத்தும். இருவருக்கும் ஒரே உரை எப்படிப் போதும்?

இதை ஜாய்ஸ் அறிந்தே இருந்தார் என்று நினைக்கத் தோன்றுகிறது. நான்காவது அத்தியாயத்தில் புளூமின் மனைவி மாலி படுக்கையில் கிடந்தபடி மட்டமான நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஆன்மா உடல் விட்டு உடல் மாறுவதைக் குறிக்கும் நீண்ட கிரேக்கச் சொல் ஒன்று அதில் வருகிறது. அர்த்தம் என்னவென்று கணவனைக் கேட்கிறாள். அவரோ சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று தொடங்குகிறார். அவள் சலித்துக்கொண்டு, புரிகிற வார்த்தையில் சொல்லும்படி அதட்டுகிறாள். கடினமான சொல், அதைக் காட்டிலும் கடினமான உரை, பொறுமை இழந்த வாசகி ஆகிய மூவரையும் ஒரே கட்டிலறையில் கூட்டிவைத்த அந்தப் பக்கத்தைப் படித்தபிறகும் உரைகாரர்கள் தம் தொழிலை விடாமல் நடத்தியிருக்கிறார்கள் என்றால், அவர்களுடைய மன உறுதியை மெச்சவே வேண்டும்.

1934-இல் வெளிவந்த மற்றொரு நூல் முற்றிலும் வேறு குணம் உடையது. ஜூரிக்கில் யுத்த காலத்தில் ஜாய்ஸோடு பழகிய ஃபிராங்க் பட்ஜன் ஓர் ஓவியர். அதற்கு முன் மாலுமியாக இருந்தவர். கல்லூரிப் படிப்பு இல்லாதவர். அவர் அட்டவணையைப் பற்றி அதிகமாகக் கவலைப்படாமல், புளூம் எப்படிப்பட்ட மனிதர், ஜாய்ஸ் ஒரு நாள் முழுவதும் உழைத்து இரண்டே வாக்கியங்களை எப்படி அமைத்தார் என்பன போன்ற செய்திகளைச் சிநேகிதனுக்குச் சொல்வதுபோலச் சொல்லிச் செல்கிறார். முதன்முறையாக நாவலைக் கையில் எடுப்பவருக்குக் கில்பர்ட்டைவிடப் பட்ஜனே உற்ற துணை. ஆனால் பரீட்சைக்கு உதவமாட்டார்; அதனால்தான் போலும், அவர் புகழ் சற்றுக் குறைந்தே இருந்துவருகிறது.

தடை நீங்கிய 1934-ஆம் ஆண்டிலேயே ராண்டம் ஹவுஸ் நிறுவனம் இந்த நாவலை எப்படி ரசிப்பது என்று விளக்கும் இரண்டு பக்க விளம்பரத்தைப் பத்திரிகையில் வெளியிட்டது. விளம்பரமே உரையாகிவிட்டது! மூன்று ஆண்டுகளுக்குப்பின் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் மைல்ஸ் ஹான்லி என்பவர் தலைமையில் நாவலின் சொற்களை எல்லாம் எண்ணி அகராதி வரிசைப்படுத்தினார்கள்: மொத்தம் 2,60,430 சொற்கள்; அவற்றுள் வேறுவேறானவை 29,899. இலக்கிய ரசிகர்களுக்காகச் செய்த அந்த வேலையை ஜார்ஜ் ஸிப்ஃப் என்னும் மொழியியலறிஞர் எடுத்து, சொற்கள் வழங்கும் விகிதத்தைப் பற்றிய தம் விதிக்கு ஆதாரமாகக் காட்டினார்.

உரைகாரர்களின் எதிர்க்கட்சிக்குத் தலைவர் விளாதிமிர் நபகோவ். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இந்த நாவலைப் பாடம் சொன்னபோது, ஹோமரின் பெயர்களையும் உறுப்புகளையும் வர்ணங்களையும் அவர் வகுப்பறைக்குள்ளேயே விடவில்லை. புளூமும் ஸ்டீபனும் எந்தெந்தத் தெரு வழியாக எந்தெந்த நேரத்தில் நடந்தார்கள் என்று டப்ளின் வரைபடத்தில் குறித்துக் காட்டுவதே ஆசிரியனின் கடமை என்றார். கில்பர்ட்டுக்கு உதவியது தவறு என்று ஜாய்ஸே தம்மிடம் ஒப்புக்கொண்டதாகவும் அவர் கூறுவதுண்டு. நபகோவ் சொன்னதில் பாதி வீம்பு. மறுபாதி பின்னால் வந்தவர்களின் உழைப்பால் ருசுவாயிற்று.

ஏனெனில், இதற்குள் நூலின் கடினம் என்பதே வேறாகிவிட்டது. 1922-இல் வாசகரைத் தடுமாறச் செய்தது ஆசிரியர் ஒளித்துவைத்த ஏற்பாடு. ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின் தடுமாறச் செய்தது, அவர் ஒளிக்கவே ஒளிக்காத விஷயங்கள்: ஒரு டிராம் வண்டியின் தடம், ஒரு சோப்புக் கடையின் பெயர், அன்று காலையில் பத்திரிகையில் வந்த குதிரைப் பந்தயச் செய்தி, தெருவில் பாடிய பாட்டு, பார்னெல் என்ற அரசியல் தலைவரைப்பற்றிய வம்பு. 1904-ஆம் ஆண்டின் டப்ளின்வாசி எவருக்கும் தெரிந்திருந்த இவற்றுக்கு இப்போது அடிக்குறிப்பு வேண்டியதாயிற்று. டப்ளின் நகரம் ஒருநாள் மறைந்துபோனால் தம் நூலைக்கொண்டே அதைத் திரும்பக் கட்டலாம்படி எழுத விரும்புவதாக ஜாய்ஸ் பட்ஜனிடம் சொன்னதுண்டு. நடந்ததோ தலைகீழ்: நூலைப் புரிந்துகொள்ளும்பொருட்டு அறிஞர்கள் டப்ளினைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. புளூம் குடியிருந்த ஏக்கிள்ஸ் தெரு 7-ஆம் எண் வீடே இன்று இல்லை. அதன் கதவு மட்டும் ஜாய்ஸ் பெயரால் அமைந்த நிலையத்தில் காட்சிப்பொருளாக இருக்கிறது.

இந்தப் புனருத்தாரணத்தில் முக்கியமானவர்கள் சிலர். 1966-இல் ஹாரி பிளமயர்ஸ் என்னும் ஆங்கிலேயர், நாவலின் போக்கை விடாமல் தொடர்ந்து, நடப்பது என்ன என்பதை நேரான வசனத்தில் திரும்பச் சொல்லும் ‘புளூம்ஸ்டே புக்’ என்ற நூலை எழுதினார். நம் வழக்கில் இதைப் பொழிப்புரை என்னலாம். 1968-இல் வெல்டன் தார்ன்டன் மேற்கோள்களின் மூலங்களைத் தொகுத்தார். வில்லியம்ஸ் கல்லூரிப் பேராசிரியரான டான் கிஃபர்ட், ராபர்ட் ஸைட்மன் என்பவரின் துணையோடு 1974-இல் வெளியிட்ட குறிப்புகளைப் பெருக்கித் திருத்தி 1988-இல் கொண்டுவந்த பெருநூல், ஒரு தலைமுறைக் காலம் உலகெங்கும் இந்நாவலைப் படித்தவர்களின் மேஜைமேல் மூலத்தின் பக்கத்திலேயே விரிந்து கிடந்தது. ஹான்ஸ் வால்ட்டர் காப்லர் என்ற ஜெர்மானியர் 1984-இல் வெளியிட்ட பரிசோதனைப் பதிப்பில் வரிகளுக்கு எண்ணிட்டிருந்ததால், இன்ன அத்தியாயத்தில் இன்ன வரி என்று சுட்டுவது எளிதாயிற்று. மூலபாடத்தைப் பற்றி அந்தப் பதிப்பு எழுப்பிய சண்டை தனிக் கதை.

கிஃபர்ட்டின் நூலை மதிப்பவன்தான் நான். ஆயினும் அதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊரைவிட்டு விலகி வாழ்ந்த ஜாய்ஸ், கடைகளின் பெயரையும் வீட்டு எண்களையும் சரிபார்த்துக்கொண்டது ‘தாம்ஸ் டைரக்டரி’ என்னும் அக்காலத்து டப்ளின் விலாசப் புத்தகத்திலிருந்து. ஏக்கிள்ஸ் தெரு வீட்டில் அவருடைய நண்பர் ஒருவர் பிற்பாடு குடியிருந்தார் என்றாலும், 1904-இல் அது காலியாக இருந்தமையால் புளூமைக் குடிவைக்க வசதியாயிற்று. சாவியை மறந்து வந்த புளூம் அவ்வீட்டின் முன்னுள்ள கம்பி வேலியைத் தாண்டிக் கீழே குதித்து உள்ளே போவதாக எழுதுவதற்காக, சாதாரண மனிதன் ஒருவன் அடிபடாமல் அப்படிக் குதிக்க முடியுமா என்று விசாரித்து எழுதும்படி அதே அத்தையைக் கேட்டிருக்கிறார். உரைகாரர்களும் அதே விலாசப் புத்தகத்தைப் புரட்டி, ஆசிரியர் சொல்வது சரி என்று குறிப்பெழுதுகிறார்கள். எங்கிருந்து எடுத்தாரோ அங்கேயே கொண்டுபோய் ஒத்துப் பார்த்தால் ஒத்துத்தானே இருக்கும்?

அடுத்த நாவலான ‘ஃபின்னகன்ஸ் வேக்’ விஷயத்தில் இந்த வரலாறு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1939-இல் வெளிவந்த அந்நூலுக்கு, அது வெளிவருவதற்குப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே, 1929-இல், பன்னிரண்டு பேர் எழுதிய விளக்கக் கட்டுரைகளின் தொகுதி வந்துவிட்டது. பிற்காலத்தில் ரோலண்ட் மக்ஹ்யூ என்ற பூச்சியியல் ஆராய்ச்சியாளர் எழுதிய உரைநூல், மூலத்தின் 628 பக்கங்களுக்கும் பக்கத்துக்குப் பக்கம், வரிக்கு வரி நேராக அமைந்தது. மூலத்தை எடுத்துவிட்டால் அந்தப் பக்கங்களில் தொடர்பற்ற சொற்கள் ஆங்காங்கே சிதறிக் கிடப்பதையே காணலாம்.

‘யுலிஸிஸ்’ நூற்றாண்டான 2022-இல் ஸாம் ஸ்லோட்டும் அவருடைய சகாக்களும் ஆக்ஸ்ஃபோர்டு வாயிலாக வெளியிட்ட உரை, மூலத்தைவிடப் பருமனானது. கிஃபர்ட்டின் பிழைகள் பலவற்றைத் திருத்துவது. இத்தனை பேர் இத்தனை காலம் உழைத்தும் அகப்படாத ஒருவன் நாவலில் இருக்கிறான். ஆறாவது அத்தியாயத்துச் சவ அடக்கத்தில், மழைக்கோட்டு அணிந்த அந்நியன் ஒருவன் பதின்மூன்றாவது ஆளாக வந்து நிற்கிறான். அவன் யார் என்று பத்திரிகை நிருபர் ஹைன்ஸ் கேட்க, புளூம் அவனுடைய கோட்டைக் குறித்து ‘மாக்கின்டாஷ்’ என்று ஏதோ சொல்ல, நிருபர் அதையே ஆளின் பெயராக எழுதிக்கொண்டு போய்விடுகிறார். மாலைப் பத்திரிகையில் எம்’இன்டாஷ் என்ற கனவான் துக்கத்தில் கலந்துகொண்டதாக அச்சாகிறது. அங்கே வராத ஸ்டீபனின் பெயரும் அதே பட்டியலில் இருக்கிறது. வந்த புளூமின் பெயரோ ‘பூம்’ என்று சிதைந்து கிடக்கிறது. அந்த அந்நியன் ஒடிஸ்ஸியில் வரும் தியோக்ளிமெனஸ் என்றார் கில்பர்ட். ஜாய்ஸே என்றார் நபகோவ். ஜாய்ஸின் பழைய சிறுகதை ஒன்றில் வரும் டஃபி என்பவர் என்று வேறு சிலர் வாதாடியிருக்கிறார்கள். ஜாய்ஸ் உயிரோடிருந்தபோது, மழைக்கோட்டுக்காரன் யார் தெரியுமா என்று நண்பர்களைத் தாமாகவே கேட்பது வழக்கமாம். விடை அட்டவணையிலும் இல்லை.